ஜுவல்ஸ் எண்ணிக்கை விலையைச் சொல்லாது

பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வாட்ச் வாங்கினால் ஜுவல்ஸ் (வாட்ச் இயந்திரத்தில் பதித்த சிறு கற்கள்) எண்ணிக்கை அதிகமுள்ளதைப் பாருங்கள், உள்ளே அத்தனை மாணிக்கக் கற்கள் இருப்பதால் பின்னாளில் கல்லுக்கே நல்ல விலை வரும் என்று ஒரு பதிவில் சொல்லியிருக்கிறார்கள். பலர் அதை நம்பிப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல.

அவை மாணிக்கம்தான், ஆனால் ஆலையில் உருவாக்கும் செயற்கை மாணிக்கம். 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் அதை உருவாக்கும் முறையை வெளியிட்ட பிறகு மலிவாகிவிட்டது. சக்கரங்களின் அச்சு முனை உலோகத்தில் உரசித் தேயாமல் இருக்கத்தான் அந்தச் சிறு கற்கள். பிரித்து விற்றால் ஒன்றும் பெறாது. கையால் சாவி கொடுக்கும் சாதாரண வாட்சுக்குப் பதினேழே போதும்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். வீட்டில் அப்பாவின் பழைய எச்எம்டி ஜனதா இருந்தால் டயலைப் பாருங்கள், 17 ஜுவல்ஸ் என்று இருக்கும். அப்புறம் பட்டேக் பிலிப் என்ற சுவிஸ் வாட்ச் நிறுவனத்தின் 215 பிஎஸ் இயந்திரத்தின் விவரத்தைத் தேடிப் பாருங்கள். பல லட்சம் விலையுள்ள கலட்ராவா வாட்சுகளில் ஓடிய இயந்திரம் அது. அதில் 18. ஒரே ஒரு கல்தான் வித்தியாசம்! விலை வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம்.

இன்னும் எளிய வழி, நம்பிக்கையான வாட்ச் மெக்கானிக்கிடம் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரிபவைதான் அந்தக் கற்கள். அவற்றுக்கு என்ன விலை தருவார் என்று அவரிடமே கேளுங்கள்.