சத்தம் வேறு, பவர் வேறு

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் நம் ஊரில் முதலில் கைவைப்பது எக்ஸாஸ்டில்தான். நல்ல இன்ஜின் சத்தம் எனக்கும் உயிர். ஆனால் "எக்ஸாஸ்ட் மாத்தினேன், வண்டி பறக்குது" என்று யாராவது சொன்னால், டைனோவில் (இன்ஜின் பவரை அளக்கும் மெஷினில்) ஏற்றிப் பார்த்தீர்களா என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

டர்போ இன்ஜினில் புகை வெளியேறும் வழியில் பெரிய தடைகள் டர்போவும் (புகையின் வேகத்தில் சுழன்று கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் தள்ளுவது) அதை அடுத்துள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் (புகையின் நச்சைக் குறைப்பது). அதற்குப் பின்னால் இருக்கும் குழாயையும் சத்தத்தை அடக்கும் மஃப்ளரையும் மட்டும் மாற்றினால் சத்தம் மாறும், சில கிலோ எடை குறையும், பவர் பெரிதாக ஏறாது. டர்போ இல்லாத இன்ஜினில் தேவைக்கு மேல் அகலமான பைப் போட்டாலோ புகை போகும் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் (இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது) இழுவையே போய்விடும். சிட்டி டிராஃபிக்கில் நாம் ஓட்டுவது அந்த ஆர்பிஎம்மில்தான்.

சரி, அப்போ பவர் வேண்டுமென்றால்? கன்வெர்ட்டரே இல்லாத டவுன்பைப்பை (டர்போவை அடுத்து வரும் குழாயை) எடுத்துக் காட்டுவார்கள். அதில் பவர் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் எரியாத பெட்ரோலையும் பிடித்து மாற்றுவது கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சுதான். அதைக் கழற்றினால் ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து செக் இன்ஜின் லைட்டைப் போடும். அந்த லைட்டையும் சாஃப்ட்வேரில் அணைத்துத் தருகிறார்கள்! சென்னை மத்திய கைலாஷ் சிக்னலில் நமக்குப் பின்னால் குழந்தையோடு ஸ்கூட்டரில் நிற்பவர் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. சட்டமும் அனுமதிக்கவில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறையும் உண்டு.

அப்புறம், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எக்ஸாஸ்டில் படபடவென்று வெடிக்கும் அந்தப் பட்டாசுச் சத்தம். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் பெட்ரோலைத் தெளித்து, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, எக்ஸாஸ்டுக்குள்ளேயே எரிய விடுகிறார்கள். வேகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தச் சூடு முழுவதும் டர்போவின் தலையிலும் எக்ஸாஸ்ட் வால்வின் தலையிலும்தான் விழுகிறது. ராத்திரி ஈசிஆரில் வீடு இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், மீதியை அவர்கள் சொல்வார்கள்.

உண்மையான வேலை ரீமேப்பில், அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவதில்தான் இருக்கிறது. அதிலும் சென்னைக்கென்று ஒரு கணக்கு உண்டு. எளிதில் தானாக வெடிக்காத 98 ஆக்டேன் பெட்ரோலையும் குளிர்ந்த காற்றையும் நம்பி ஐரோப்பாவில் எழுதிய மேப்பை அப்படியே இங்கே ஏற்றக் கூடாது. மே மாத வெயிலில், ஓஎம்ஆர் நெரிசலில் நின்று நின்று போனால் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் முழுக்கச் சூடேறிவிடும். உள்ளே போகும் காற்று சூடானால் நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வரும், இசியூ தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளும், காசு கொடுத்து வாங்கிய பவர் காணாமல் போகும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு எரிபொருள் அளவும் கூடுதலாக வேண்டும்.

கியர்பாக்ஸை யாரும் யோசிப்பதே இல்லை. ஃபோக்ஸ்வேகனின் 1.5 டிஎஸ்ஐ டர்போ இன்ஜின் கம்பெனியிலிருந்தே 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தருகிறது. அதோடு வரும் ஏழு ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்கும் வரம்பும் அதே 250தான். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொன்றும் கிளட்சின் ஆயுளிலிருந்து எடுப்பது.

என்னைக் கேட்டால் முதல் செலவு டயருக்கும் பிரேக் பேடுக்கும், அடுத்தது சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் ஒரு ட்ராக் டேவுக்கு. அங்கே காரின் எல்லை எது என்று தெரிந்த பிறகும் பவர் போதவில்லை என்றால் ட்யூனரிடம் போங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த டைனோ ஷீட்டைக் கேளுங்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, நாக்கிங் அளவு, காற்று-எரிபொருள் விகிதம் மூன்றும் பதிவான லாக் ஃபைலையும் கேளுங்கள். தர மாட்டேன் என்கிற கடையில் கார் சாவியைக் கொடுக்காதீர்கள்.