தக்காளி சேர்த்தால் விஷமாகாது
கேம்பிங்கில் வார்ப்பிரும்புச் சட்டியில் தக்காளி சாதம் கிண்டினால் விஷமாகிவிடும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. புளிப்பு பட்டால் கொஞ்சம் இரும்பு கரைந்து சோற்றில் சேரும், அவ்வளவுதான். நிறம் கறுக்கலாம், இரும்பு வாடை தட்டலாம். பெரும்பாலானோருக்கு அதில் கெடுதல் இல்லை. உடலில் இரும்பு அதிகம் தங்கும் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணெய் ஏறி நன்றாகப் பழகிய சட்டி என்றால், அரை மணி நேரச் சமையலில் வாடைகூட அவ்வளவாகத் தெரியாது. புதுச் சட்டியா? முதல் சில தடவை புளியும் தக்காளியும் வேண்டாம், வெண்பொங்கல் செய்யுங்கள். மிச்சத்தை ராத்திரி முழுக்க அதிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், பயப்பட வேண்டிய விஷயம் வேறு: தணலிலிருந்து இறக்கிய கையோடு பச்சைத் தண்ணீர் ஊற்றுவது. சட்டி விரிசல் விட்டுவிடும். நான் ஒன்றை அப்படித்தான் தொலைத்தேன்.