வாரின தலைதான் இது

கோலாலம்பூர் செந்தூலில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் என் மகளின் தலையைப் பார்த்து ஏதாவது ஒரு பெரியம்மா கேட்டுவிடுவார்: "ஏன்யா, புள்ளைக்குத் தல வாரி விடமாட்டியா?" வாரித்தான் கூட்டி வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் தலைவாரும் இலாகா என்னுடையது; அவள் அம்மாவுக்குக் காலை ஷிப்டு. சுருட்டை முடி வாரினாலும் சுருட்டையாகத்தான் இருக்கும் என்பதை நம் சனத்துக்கு எப்படிச் சொல்வது? இத்தனைக்கும் நம்மில் பலர் தலையில் இருப்பது அதே முடிதான். எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டியிருப்பதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான்: சுருட்டை முடியில் கோளாறு ஒன்றும் கிடையாது. நேர்முடிக்காரர்களின் பழக்கத்தை அதன்மேல் திணித்துவிட்டு, "அடங்கவே மாட்டேங்குது" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கும். சுருளில் அவ்வளவு சுலபமாக இறங்காது. அதனால் வேர்ப்பக்கம் பிசுபிசுப்பு, நுனிப்பக்கம் வறட்சி, இரண்டும் ஒரே தலையில். அந்த வறண்ட முடியைக் காலை அவசரத்தில் நெருக்கமான பல் சீப்பால் உச்சியிலிருந்து இழுத்தால் வளைவுகளில் அறுந்து வரும். பள்ளி வேன் வரும் நேரத்தில் பிள்ளை அலறுகிறது என்றால் நிஜமாகவே வலிக்கிறது.

எங்கள் வீட்டில் காய்ந்த முடியில் சீப்பு வைப்பதே இல்லை. தலைக்குக் குளிக்கும் நாளில் ஷாம்பூவைத் தலைத்தோலில் மட்டும் தேய்ப்பேன். நுனிக்கு வழிந்து இறங்கும் நுரையே போதும். அப்புறம் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, முடி வழவழவென்று இருக்கும்போதே அகலப்பல் சீப்பை எடுத்து நுனியிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரு விரல் நீளம் சிக்கு எடுத்தபின் கொஞ்சம் மேலே, அப்புறம் இன்னும் கொஞ்சம் மேலே. சிக்குக்கு மேலே முடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தலைத்தோலுக்குப் போகாது. இந்த ஒரு பிடி தெரிந்தாலே வீட்டில் பாதிச் சண்டை தீரும். துவட்டுவதற்குப் பழைய பருத்தி டீசட்டை. சொரசொரப்பான துண்டால் தேய்த்தால் முடி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். மறுநாள் காலை தெளிப்புப் புட்டியில் தண்ணீரும் கொஞ்சம் கண்டிஷனரும், விரலால் ஒரு கோதல், தளர்வாக ஒரு பின்னல். வேலை முடிந்தது. பள்ளியில் பேன் பரவும்போதும் இதே வழிதான்: கண்டிஷனர் பூசிய ஈர முடியில் பேன்சீப்பு சுலபமாக இறங்கும், பேனும் வேகமாக ஓட முடியாது.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் பாட்டிகள் பக்கம்தான் நான். அது முடிக்குள்ளே ஊடுருவி, முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்தக் குணம் இல்லையாம். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எண்ணெய் குளிக்கும் முன் வைப்பதற்கு. கோலாலம்பூர் புழுக்கத்தில் எண்ணெய் வழிய பள்ளிக்கு அனுப்பினால் வியர்வையோடு சேர்ந்து தலை நமைக்கும். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குத் தீனியே கொழுப்புதான்.

பத்துமலையில் மொட்டை போட்டால் முடி நேராக வளரும் என்பது இன்னொரு கதை. நேர்த்திக்கடன் என்றால் தாராளமாகப் போடுங்கள், நாங்களும் போட்டோம். ஆனால் முடி சுருள்வதும் நேராக வளர்வதும் தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பையின் வடிவத்தைப் பொறுத்தது. கத்தி அங்கே போகாது.

"இந்த வெயிலுக்கு இவ்வளவு முடியா?" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2023இல் டினா லசிசி என்ற மானிடவியலாளரின் குழு, சூடேற்றிய பொம்மைத் தலைக்கு மனித முடி விக்குகளை மாட்டி, செயற்கை வெயில் அடித்து அளந்து பார்த்தது. வெயிலின் சூடு தலைக்கு ஏறாமல் அதிகம் தடுத்தது இறுகிய சுருள்தான். என் மகளுக்கு அவ்வளவு இறுகிய சுருள் கிடையாது. இருந்தாலும் உறவுக்காரர்களிடம் சொல்வதற்கு இது போதும்.

எனக்குக் கோபம் வருவது ரிபாண்டிங்கில்தான். பள்ளி விடுமுறை விட்டால் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளைக்கூட சலூனில் உட்கார வைத்துவிடுகிறார்கள். முடிக்கு உறுதி தரும் கந்தகப் பிணைப்புகளை மருந்தால் உடைத்து, சூட்டுத் தகடால் நீட்டி, இன்னொரு மருந்தால் அப்படியே பூட்டுவதுதான் ரிபாண்டிங். முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளரும். அரை வருஷத்தில் மேலே சுருட்டை, கீழே கம்பி. மறுபடி சலூன், மறுபடி காசு. 'கெராட்டின்' என்று விற்கும் சில முடி நேராக்கும் சிகிச்சைகளில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைட் ஆவி கிளம்பும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. பெரியவர்கள் தெரிந்து செய்துகொண்டால் அது அவர்கள் பாடு. எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு? வகுப்பில் நூடுல்ஸ் பேரைச் சொல்லி "மெகி தலை" என்று கூப்பிடுகிறார்களாம். கூப்பிட்ட பிள்ளையின் அப்பா அம்மாவிடம் பேசவேண்டிய விஷயத்துக்கு நம் பிள்ளை தலையில் மருந்து பூசுவது என்ன நியாயம்?

முடியைக் கட்டி வரச் சொல்கிறது பள்ளி, சரி. புருவம் மேலேறும்படி இறுக்கச் சொல்லவில்லையே. வருஷக்கணக்கில் அப்படிக் கட்டினால் நெற்றியோர முடி மெலிந்து, திரும்ப வளராமலே போகலாம்.

ஒரு உதவி வேண்டும். இங்கே நான் பார்த்த சலூன்களில் கை பழகியதெல்லாம் நேர்முடியில்தான். ஈரமுடியை நீட்டிப் பிடித்துத் தோள் அளவுக்கு வெட்டுகிறார்கள்; காய்ந்ததும் அது சுருண்டு காதுக்கு ஏறிவிடுகிறது. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் காய்ந்த முடியிலேயே சுருளைப் பார்த்து வெட்டத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "ரிபாண்டிங் பண்ணிடுங்களேன் அண்ணே" என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து மேலே போய் இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.