அகச்சிவப்பும் தூசியில் மங்கும்

அகச்சிவப்பு ஒளியை விண்வெளித் தூசி மங்கச் செய்வதே இல்லை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். குறைவாக மங்கும் என்பதே சரி. பால்வெளி மையத்திலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை எட்டுகிறது. 2.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீள அகச்சிவப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு தப்பி வருகிறது. பெரிய வித்தியாசம்தான், ஆனாலும் மீதி தூசியில் போய்விடுகிறதே! அலைநீளம் குறைந்த 1.25 மைக்ரான் அகச்சிவப்பு ஒளி இன்னும் அதிகமாக அடிபடுவதால் விண்மீன்களின் நிறமும் சிவப்புப் பக்கம் சாய்கிறது.

நீங்களே பார்க்கலாம். அலாதின் லைட் என்ற இலவச வான வரைபடத்தில் பார்னார்ட் 68 (Barnard 68) என்ற இருண்ட தூசி மேகத்தின் பெயரை ஆங்கிலத்தில் தட்டி, டூமாஸ் (2MASS) என்ற அகச்சிவப்பு வான ஆய்வின் வண்ணப் படத்துக்கு மாறுங்கள். சாதாரணப் படத்தில் கரிக்கட்டைபோல் தெரிந்த மேகத்தின் ஊடாக, அதற்குப் பின்னாலிருந்து செக்கச்செவேலென்று விண்மீன்கள் எட்டிப்பார்க்கும். மேகத்துக்கு வெளியே இருப்பவை அவ்வளவு சிவப்பாக இருக்காது.