வேதியியல் தாளைக் கையால் படியுங்கள்

குடிமைப் பணித் தேர்வுக்கு வேதியியலை விருப்பப் பாடமாக எடுக்கலாமா என்று இந்த வாரம் ஒரு தங்கை கேட்டாள். முதுகலை வேதியியல் முடித்தவள். "அறிவியல் பாடம் கடல், வேறு எதையாவது எடு" என்று பயிற்சி மையத்தில் சொல்லிவிட்டார்களாம். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்து ஆண்டுகள் ஆய்வகத்தில் நின்று கற்றதை ஒரே வரியில் தூக்கிப்போடச் சொல்வது என்ன நியாயம்?

கடல்தான், மறுக்கவில்லை. ஆனால் கரை தெரிகிற கடல். பாடத்திட்டம் அச்சிட்டபடியே நிற்கிறது; வெப்ப இயக்கவியலுக்காக யாரும் தினமும் செய்தித்தாளைக் கத்தரித்து வைக்க வேண்டியதில்லை. முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் 500 விருப்பப் பாடத்தின் இரண்டு தாள்களுக்கு உரியது.

நான் இரண்டு முறை இந்தத் தாள்களை எழுதினேன். முதல் முறை தோற்றதற்குக் காரணம், வாசித்தேனே தவிர எழுதிப் பார்க்கவில்லை. ஒரு வேதிவினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்னும் வினைவழிமுறையைப் புத்தகத்தில் பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். வெற்றுத்தாளில் எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் அம்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரையச் சொன்னால் கை நின்றுவிடும். மூன்று மணி நேரத்தில் 250 மதிப்பெண் என்றால் பத்து மதிப்பெண் கேள்விக்கு ஏழு நிமிடம்தான். அந்த ஏழு நிமிடத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, கை ஏற்கெனவே போன வழியில்தான் போகும்.

சேர்மத்தின் அமைப்பை அதன் நிறமாலையிலிருந்து கண்டுபிடிக்கும் நிறமாலையியலை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் கொண்ட ஒரு சேர்மம்; அகச்சிவப்பு நிறமாலையில் 1740 செ.மீ⁻¹க்கு அருகே வலுவான உச்சி. எஸ்டர் என்று உடனே எழுதிவிடலாம். எந்த எஸ்டர்? எத்தில் அசிட்டேட்டும் மெத்தில் புரோப்பனோயேட்டும் ஹைட்ரஜன்களின் சூழலைக் காட்டும் என்.எம்.ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் ஒரே மாதிரி ஓர் ஒற்றை, மூன்றாகப் பிரிந்த ஒரு மும்மை, நான்காகப் பிரிந்த ஒரு நான்மை உச்சிகளைத்தான் தரும். வடிவத்தை மனப்பாடம் செய்தவர் இங்கே சிக்கிக்கொள்வார். உச்சி அளவுகோலில் (பிபிஎம்) நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். நான்மை 4.1 அருகே இருந்தால் ஆக்சிஜனை ஒட்டி நிற்பது எத்தில் தொகுதி. நான்மை 2.3க்கு இறங்கி, ஒற்றை 3.7க்கு ஏறியிருந்தால் ஆக்சிஜனை ஒட்டி நிற்பது மெத்தில். இதைப் பத்து சேர்மங்களுக்குக் கையால் வரைந்து பார்த்தவருக்குக் கேள்வித்தாள் அந்நியமாகவே இருக்காது.

கணக்குகளில் என்னைக் கவிழ்த்தது அலகு. வெப்ப அடக்கம் (என்தால்பி) கிலோஜூலில், எண்ட்ரோபி ஜூலில் கொடுத்திருந்தார்கள், மாற்றாமல் கழித்தேன். வழிமுறை சரி, விடை தவறு. அந்த வலி இன்றும் இருக்கிறது.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை உண்டு. விடையைத் தமிழில் எழுதலாம், ஆனால் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது. இது மாற வேண்டும் என்று உரக்கச் சொல்வேன். அதுவரை கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தத் தங்கையிடம், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு தினமும் இரண்டு பழைய கேள்விகளுக்கு விடை எழுதி எனக்கு அனுப்பச் சொன்னேன். நேற்று இரவு முதல் நான்கு பக்கங்கள் வந்தன. அம்புக்குறிகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. ஓர் இடத்தில் மட்டும் அலகை விட்டிருந்தாள், சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.