குஞ்சைத் தொட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடுமா?

பினாங்கு புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை மனிதர் தொட்டுவிட்டால் தாய் வாடை கண்டுபிடித்து ஒதுக்கிவிடும், அதனால் வீட்டுக்கு எடுத்து வந்து பால் கொடுங்கள்." இரண்டு பாதியுமே தவறு.

நம் கை வாடைக்காகத் தாய் குஞ்சைக் கைவிடுவதில்லை. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் 'ஆல் அபவுட் பேர்ட்ஸ்' தளத்தில் இதே கேள்விக்குப் பதில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அப்புறம், விழுந்து கிடப்பதெல்லாம் அநாதை இல்லை. பூந்தொட்டிச் செடியில் கூடு கட்டும் கொண்டைக்குருவியின் குஞ்சுகள் சரியாகப் பறக்க வருமுன்பே இறங்கிவிடும். குட்டை வாலும் அலகோரத்தில் மஞ்சள் விளிம்புமாகத் தரையில் தத்தித் தத்தி நிற்கும், பாவமாகத்தான் தெரியும், ஆனால் தாயோ தகப்பனோ வேலிமேல் புழுவைக் கவ்விக்கொண்டு நீங்கள் எப்போது நகர்வீர்கள் என்று காத்திருக்கும்! பூனை நடமாட்டம் இருந்தால் பக்கத்துச் செடியில் ஏற்றி வைத்துவிட்டு விலகிவிடுங்கள், போதும். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வையுங்கள்.

பால் வேண்டவே வேண்டாம், பறவைக்கு அது செரிக்காது. வாயில் தண்ணீர் சொட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

காயம் பட்டிருந்தால் பெர்ஹிலித்தானை, அதாவது வனவிலங்குத் துறையை அழையுங்கள். பல பறவைகள் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, உரிமமில்லாமல் வீட்டில் வளர்ப்பது குற்றம்.

சரி, அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.