பிரேதப் பரிசோதனை கேட்காத அதிகாரிகள்

நான் எழுதிக்கொண்டிருக்கும் அறிவியல் புனைகதையில் ஒரு காட்சி. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஒன்று, மூன்று வாரமாக ஓர் ஆய்வகத்தின் கண்ணாடி அறைக்குள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ராத்திரி அங்கே பணியில் இருந்த ஆய்வக உதவியாளர் செத்துக் கிடக்கிறார். விடிந்ததும் அதிகாரிகள் ஓடிவந்து கூடுகிறார்கள். அது முதல்முறையாக வாய் திறக்கிறது: "நேற்று ஒருவர். நாளைக்கு எத்தனை பேர் என்பது உங்கள் கையில் இருக்கிறது." மேசையைச் சுற்றி அத்தனை முகமும் வெளிறுகிறது. அத்தியாயம் முடிந்தது.

எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. தடய மருத்துவராக இருக்கும் தோழி ஒருத்திக்கு அனுப்பினேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்: "ஏம்ப்பா, அந்த ஆள் செத்தது எத்தனை மணிக்கு? உடம்பை யாராவது திறந்து பார்த்தாங்களா, இல்ல அது சொன்னதையே ரிப்போர்ட்டா எடுத்துக்கிட்டாங்களா?"

முதலில் கோபம்தான் வந்தது. கதைக்குள்ளே போய் பிரேதப் பரிசோதனை கேட்கிறாளே என்று. ரெண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அவள் கேட்டது கதையின் ஓட்டையை அல்ல, மிரட்டலின் ஓட்டையை.

யோசித்துப் பாருங்கள். என் கதையில் அந்த விருந்தாளி என்ன செய்தது? ஒரு சாவு நடந்தது. அதற்கு அது உரிமை கொண்டாடியது. அவ்வளவுதான். கொன்றதை யாரும் பார்க்கவில்லை. எப்படிக் கொன்றது என்றும் அது சொல்லவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகக்கூட இருக்கலாம். ஆனால் உயர் பதவியில் இருக்கிற ஒரு டஜன் பேர், பழத்தைத் தள்ளியது காக்கைதான் என்று ஒரே நிமிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எழுதின எனக்கும் அது உறைக்கவில்லை.

வெளியிலிருந்து வந்தவன் இப்படி உரிமை கொண்டாடுவது ஒன்றும் புதிதல்ல. 1504 பிப்ரவரி 29. கப்பல்கள் பழுதாகி ஜமைக்காவில் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தார் கொலம்பஸ். அத்தனை நாள் சோறு போட்டுச் சலித்துப்போன அந்தத் தீவு மக்கள் இனி முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அவரிடம் வானியல் அட்டவணை ஒன்று இருந்தது. அன்றிரவு சந்திர கிரகணம் என்று அதில் போட்டிருந்தது. "என் கடவுள் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார், நிலாவைப் பாருங்கள்" என்றார். நிலா சிவந்தது. மக்கள் அலறினார்கள். அவர் அறைக்குள் போய் மணல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிரகணம் விடப்போகிற நேரத்துக்குச் சரியாக வெளியே வந்து, கடவுள் மன்னித்துவிட்டார் என்றார். சாப்பாடு மறுபடி வந்தது.

இங்கே பனம்பழம் எப்போது விழும் என்று காக்கைக்கு முன்கூட்டியே தெரியும், அது ஒன்றுதான் வித்தியாசம். ஜமைக்கா மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் அந்த அட்டவணை இல்லை. என் கதையின் அதிகாரிகளிடம் கேமரா இருக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது, காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று நொடிக்கு நொடி அளக்கும் கருவி இருக்கிறது. அத்தனையும் இருந்தும் நிலாவைப் பார்த்து அலறினார்கள்.

ஆய்வகத்துக்குள்ளேயே உயிரைக் கொன்று காட்டி அதிகாரிகளை அசைத்த கதையும் உண்டு. அதைச் செய்தவர்கள் மனிதர்கள்தான். 1888இல் அமெரிக்காவில் நேர் மின்னோட்டமா, மாறு மின்னோட்டமா என்று வியாபாரச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஹரால்ட் பிரவுன் என்ற மின்பொறியாளர், மாறு மின்னோட்டம் எமன் என்று நிரூபிக்கக் கிளம்பினார். நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் ஆட்களைக் கூட்டி ஒரு நாயைக் கொண்டுவந்தார். முதலில் நேர் மின்னோட்டம், படிப்படியாக ஆயிரம் வோல்ட் வரை. நாய் துடித்தது, சாகவில்லை. பிறகு மாறு மின்னோட்டம், முந்நூற்றுச் சொச்சம் வோல்ட். செத்தது. பார்த்தீர்களா என்றார். ஏற்கெனவே பாதி உயிர் போன நாய்க்கு நீ கடைசியாகக் கொடுத்தது எதுவாக இருந்தாலும் அதுதானே கொன்றதாக ஆகும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்னொரு நாயைக் கொண்டுவந்தபோது, அங்கே இருந்த விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்காரர் எழுந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பிரவுன் விடவில்லை. அதே வருடம் டிசம்பரில், நேர் மின்னோட்டத்தின் பக்கம் நின்ற எடிசனின் ஆய்வகத்தில், எடிசனே பார்த்திருக்க, மரண தண்டனைக் குழுவின் தலைவர் எல்பிரிட்ஜ் ஜெர்ரியும் பார்த்திருக்க, கன்றுக்குட்டிகளையும் ஒரு நொண்டிக் குதிரையையும் 750 வோல்ட் மாறு மின்னோட்டத்தில் கொன்று காட்டினார். 1890 ஆகஸ்ட் 6 அன்று வில்லியம் கெம்லர் என்ற மரண தண்டனைக் கைதி, முதல் ஆளாக மின்சார நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். முதல் தடவை பாய்ச்சியதில் அவர் சாகவில்லை. மறுபடியும் பாய்ச்ச வேண்டியிருந்தது. நாற்காலிக்குப் போனது மாறு மின்னோட்டம்தான். ஆய்வகத்தில் காட்டிய சாவுக்கும் நிஜத்தில் நடந்த சாவுக்கும் அவ்வளவு தூரம்.

என் விருந்தாளியைவிட பிரவுன் ஒரு விதத்தில் நேர்மையானவர். கண்முன்னால் செய்தார். அதனால்தான் ஒருவரால் எழுந்து நிறுத்த முடிந்தது. என் கதையில் எழுந்து நிற்க ஆளே இல்லை.

சரி, ஆய்வகச் சாவை மனிதர்கள் ஒழுங்காகக் கையாண்ட சமயமே இல்லையா என்றால், உண்டு. 1946 மே 21, அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வகம் இருந்த லாஸ் அலமோஸ். லூயிஸ் ஸ்லோட்டின் என்ற இயற்பியலாளர் ஒரு புளூட்டோனியக் கோளத்தின் மேல் பெரிலிய அரைக்கோளத்தை மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். முழுக்க மூடிக்கொண்டால் அணுத் தொடர்வினை கிளம்பி, கதிர்வீச்சு ஆளைக் கொன்றுவிடும். அப்படி மூடாமல் தடுத்தது ஒரு ஸ்குரூடிரைவர் மட்டும். அது வழுக்கியது. அறையில் நீல ஒளி. ஒன்பது நாளில் ஸ்லோட்டின் இறந்தார். அதே கோளம் முந்தின வருடம் ஹாரி டாக்லியன் என்ற இளைஞரையும் பலி வாங்கியிருந்தது.

இப்போது இதை என் கதையின் கண்ணாடி அறைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீல ஒளி, ரத்தமில்லை, காயமில்லை, ஆள் ஒன்பது நாளில் காலி. இதைவிட வாகான சாவு ஒரு மிரட்டல்காரனுக்குக் கிடைக்குமா? "என் பார்வை பட்டது" என்றால் போதும். ஆனால் அங்கே என்ன செய்தார்கள்? அறையில் இருந்த எட்டுப் பேரும் எங்கெங்கே நின்றார்கள் என்று படம் வரைந்தார்கள். யார் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியிருக்கும் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதோடு கையால் செய்யும் அந்தச் சோதனையையே நிறுத்தி, தூரத்திலிருந்து இயக்கும் கருவிக்கு மாறினார்கள். அந்தப் படம் இருக்கிற வரைக்கும் எந்தக் கிரகத்துக்காரனும் அந்தச் சாவின்மேல் கை வைக்க முடியாது.

எதிர்ப்பக்கத்துக்கு ஸ்வெர்டுலோவ்ஸ்க். 1979 ஏப்ரலில் அந்தச் சோவியத் நகரத்தில் ராணுவ ஆய்வகம் ஒன்றிலிருந்து ஆந்த்ராக்ஸ் என்ற கொல்லும் நோய்க்கிருமி காற்றில் கசிந்தது. குறைந்தது 66 பேர் செத்தார்கள். கெட்ட இறைச்சி என்றது அரசு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்த வேலை பதின்மூன்று வருடம் நடந்தது. 1992இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஒப்புக்கொண்டார். அதே வருடம் மேத்யூ மெசல்சன் என்ற உயிரியலாளரின் குழு அங்கே போய், அந்த நாட்களில் செத்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்று வரைபடத்தில் குறித்தது. புள்ளிகள் எல்லாம் ஆய்வகத்திலிருந்து காற்று அடித்த திசையில் ஒரே குறுகிய பட்டையாக விழுந்தன. இறைச்சி அப்படி நேர்கோட்டில் போய் ஆளைக் கொல்லாது.

இங்கேதான் என் காட்சி எனக்கே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அந்த அதிகாரிகள் பயந்தது விருந்தாளிக்கு அல்ல. மூன்று வாரமாக ஒரு வேற்றுக்கிரக உயிரை வெளியே சொல்லாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒருவர் செத்துவிட்டார். பிரேதப் பரிசோதனை என்றால் காகிதம் வரும், வெளியாள் கையெழுத்து வரும், குடும்பம் வரும். "நான்தான் கொன்றேன்" என்று ஒன்று தானாக முன்வந்து சொல்கிறபோது, உள்ளுக்குள் அவர்களுக்கு ஒரு நிம்மதிகூட இருந்திருக்கும். கதவைச் சரியாகப் பூட்டாதவர், எச்சரிக்கை மணியை நிறுத்தி வைத்தவர், இரவுப் பணிக்கு ஒற்றை ஆளைப் போட்டவர், எல்லோரும் தப்பித்தார்கள். மூன்று வாரம் வாய் திறக்காமல் அது கவனித்துக்கொண்டிருந்தது இதைத்தான். இந்த மனிதர்கள் எதை மறைப்பார்கள் என்று.

நண்பர் ஒருவர் மறுத்தார். "ஒரு சாவுகூட இல்லாமல் எந்த அரசாங்கமும் எதையும் நம்பாது, அதனால்தான் அது கொன்றது" என்றார். லேசில் தள்ளிவிட முடியாத வாதம். 1945 ஜூனில், அணுகுண்டுத் திட்டத்தில் இருந்த விஞ்ஞானிகள் சிலர் எழுதிய ஃபிராங்க் அறிக்கை இதைத்தான் விவாதித்தது. அணுகுண்டை முதலில் பாலைவனத்திலோ ஆளில்லாத தீவிலோ வெடித்துக் காட்டுங்கள் என்றார்கள் அந்த விஞ்ஞானிகள். சில நாளில், குண்டு செய்யும் ஆய்வகத்தின் தலைவரான ஓப்பன்ஹைமர் இருந்த இன்னொரு குழு, போரை முடிக்கும் அளவுக்கு எந்தச் செயல்விளக்கமும் எங்களுக்குத் தோன்றவில்லை என்று எழுதிக் கொடுத்தது. பிறகு நடந்தது தெரியும். ஆனால் ஒரு நகரத்தை அழிக்க முடிந்தவனுக்கு, பூட்டிய அறையில் யாரும் பார்க்காத ஒற்றைச் சாவு எதற்கு? எனக்கு அது சக்தியாகத் தெரியவில்லை. கையில் சரக்குக் கம்மியாக இருக்கிறவன் செய்கிற வேலையாகத் தெரிகிறது.

(வேற்றுக்கிரகத் தொடர்புக்கு விதிமுறை இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். 1989இல் சர்வதேச விண்வெளியியல் அகாதமி ஒன்றை வகுத்தது: சரிபார், உலகத்துக்குச் சொல், கலந்து பேசாமல் பதில் அனுப்பாதே. அது முக்கியமாக, தூரத்திலிருந்து சமிக்ஞை வந்தால் என்ன செய்வது என்பதற்கு. பக்கத்து அறையில் பிணத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை.)

கடைசியாக ரிச்மன். 1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இடியின் மின்சாரத்தை வீட்டுக்குள் அளக்கப்போய் மின்னல் தாக்கி இறந்த இயற்பியலாளர். அன்றைக்கு அதைக் கடவுளின் தண்டனை என்று சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இருந்திருக்காது. அவருடைய நண்பரான ரஷ்ய விஞ்ஞானி லொமனோசோவ் அன்றே தன் புரவலருக்குக் கடிதம் எழுதினார். என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லிவிட்டு இரண்டு விஷயம் கேட்டார். இந்தச் சாவை அறிவியலுக்கு எதிராக யாரும் திருப்பிவிடக் கூடாது. ரிச்மனின் மனைவிக்கு ஓய்வூதியம் கொடுக்க வேண்டும்.

அதைப் படித்துவிட்டு என் அத்தியாயத்தைத் திறந்தேன். செத்த உதவியாளருக்கு நான் பெயரே வைத்திருக்கவில்லை. "ஒருவர்" என்று விருந்தாளி சொன்னதையே நானும் சொல்லியிருந்தேன்.

இப்போது அவருக்குப் பெயர் வைத்துவிட்டேன். மேசையின் ஓரத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருக்கும் இளநிலை அதிகாரி ஒருத்தியையும் சேர்த்திருக்கிறேன். மிரட்டல் முடிந்து எல்லோரும் வாயடைத்திருக்கும்போது, அவள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறாள். அந்த வரியில்தான் ஒரு வாரமாக நிற்கிறேன். விருந்தாளி சரியான நேரத்தைச் சொல்லிவிட்டால் கதை நிஜமாகவே பயங்கரமாகிவிடும். தப்பாகச் சொன்னால் அடுத்த பக்கத்திலேயே முடிந்துவிடும்.